உலகச் சந்தையும் ஊர்ப் பள்ளிக்கூடமும்

உயர்தர வகுப்புகளிலே பொருளியலும் வரலாறும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கென நிகழ்நிலையில் நடைபெற்ற ஒரு பயிற்சி வகுப்பில், உலகமயமாதல் என்னும் பகுதிக்கு வரலாற்று முன்னுரை ஒன்று கூறும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். நேரம் மாலை ஏழு மணி. மேசைமீது கணினி, கணினித் திரையிலே சிறிய சிறிய கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துள்ளும் ஒரு முகம், அல்லது முகத்துக்குப் பதிலாக ஒரு பெயர். அட்டன், பருத்தித்துறை, கல்முனை, புத்தளம், வவுனியா எனப் பல ஊர்களிலிருந்தும் நாற்பதுக்கு மேற்பட்டோர் கூடியிருந்தனர். கூடியிருந்தனர் என்று சொல்வது பொருந்துமோ, அறியேன். அவரவர் தத்தம் வீட்டிலேதான் இருந்தனர்.

முன்னுரையைத் தொடங்குமுன் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். நமது நாடு உலகமயமாதலுக்கு உட்பட்டது எந்த ஆண்டில்? 1977 என்ற விடை வரும் என எதிர்பார்த்தேன். அதுவே முதலில் வந்தது. ஆனால் அதன்பின் வந்த விடைகளை நான் எதிர்பார்க்கவில்லை. அட்டனிலிருந்து ஓர் ஆசிரியை, "கோப்பித் தோட்டத்துக்கு எங்கள் முன்னோர் நடந்து வந்த நாளில்" என்றார். புத்தளத்து ஆசிரியர், அராபிய வணிகரின் மரக்கலங்கள் வந்த காலத்துக்கே போய்விட்டார். கல்முனையிலிருந்து ஒருவர், தமது தமக்கையார் குவைத்துக்கு வீட்டுப் பணிக்குச் சென்ற ஆண்டைச் சொன்னார். வயதில் இளைய ஆசிரியர் ஒருவர், "2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், பரீட்சைத் தாள் அச்சிடக் கடதாசி இல்லாமற்போன அன்று" என்றார். அவ்வாண்டு மேல் மாகாணத்துப் பாடசாலைகளிலே தவணைப் பரீட்சைகள் கடதாசித் தட்டுப்பாட்டினால் ஒத்திவைக்கப்பட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கடதாசி வாங்க டொலர் இல்லை. அதனாற் பிள்ளைக்குப் பரீட்சை இல்லை.

வரலாறு கற்றவனுக்கு இவ்விடைகள் எல்லாமே சரியானவைதாம். பரீட்சைக்கோ அவ்வாறன்று. பரீட்சை கேட்பது ஒரு வரைவிலக்கணம், ஐந்து நன்மை, ஐந்து தீமை. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கற்பித்தேன் என்பதை ஒளிப்பதிற் பயனில்லை. கரும்பலகையை நடுவே கோடிட்டுப் பிரித்து, ஒரு புறம் நன்மையும் மறு புறம் தீமையும் எழுதுவேன்; பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள்; நல்ல பெறுபேறும் வரும். அந்தக் கோட்டின் எப்பக்கத்திலே தம் தகப்பனாரின் தோட்டமும் தாயாரின் சம்பளமும் இருந்தன என்று அவர்களுள் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கும்படி நான் கற்பிக்கவில்லை.

இந்தச் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மிடையே சிலர் உலகமயமாதல் என்கின்றனர். சிலர் உலகமயமாக்கல் என்கின்றனர். பூகோளமயமாக்கல் என்று எழுதுவோரும் உளர். ஆதல் என்றால் அது தானாக நிகழ்கின்றது. மழை பெய்வது போலவும் காய் கனிவது போலவும். ஆக்கல் என்றாலோ ஆக்குவோன் ஒருவன் இருக்கவேண்டும். யார் ஆக்கினார், எந்தச் சட்டத்தால், எவரது பணத்தால் என்ற வினாக்கள் உடனே எழும். தன்வினையையும் பிறவினையையும் ஆறாம் வகுப்பிலேயே கற்ற தமிழ்ப் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை விளக்க ஐந்து நிமிடம் போதும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக நிற்பது தமிழில் இரண்டாகப் பிரிந்து நின்று நமக்கு ஒரு பாடத்தைத் தருகின்றது. கோப்பியின் கதையை நான் அன்று சொல்லத் தொடங்கியது இந்த இரண்டு சொற்களையும் வைத்துக்கொண்டுதான்.

மலைநாட்டிலே கோப்பி தானாகப் பெருந்தோட்டமாக வளர்ந்துவிடவில்லை. 1820களிலே தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் காலத்திலே கம்பளைப் பகுதியிலும் கன்னொறுவையிலும் தோட்டங்கள் தொடங்கின. தேசாதிபதியே ஒரு தோட்டக்காரர். எனினும் அதனை ஒரு பெருவெள்ளமாக ஆக்கியவை கடலுக்கு அப்பால் நடந்த இரண்டு செயல்கள். 1833ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. மேற்கிந்தியத் தீவுகளிலே அடிமைகளின் உழைப்பால் விளைந்த கோப்பி குறையத் தொடங்கிற்று. 1835இல், இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் பிரித்தானியாவில் விதிக்கப்பட்ட இறக்குமதித் தீர்வை சமமாக்கப்பட்டது. கரிபியன் கடலிலே ஒரு மனிதனின் விலங்கு கழன்றது. கண்டிச் சீமையிலே காடு வெட்டப்பட்டது. தீர்வை என்ற சொல்லை மாணவனுக்கு விளங்கவைக்க இதிலும் நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பின்னர் காணி. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடந்த நிலமெல்லாம், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது எனக் கொள்ளப்படும் என்றது. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டியும் மாடு மேய்த்தும் வந்த கிராமத்தவரிடம் உறுதியும் இல்லை, ஓலையும் இல்லை. நிலத்துக்கு உறுதி காட்டு என்றவுடன் நிலம் அவர் கையை விட்டுப் போயிற்று. ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு நிலம் விற்கப்பட்டது. வாங்கியோருள் அரசாங்கத்து உயர் உத்தியோகத்தரும் பலர். சொத்துரிமை என்ற பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் இந்த ஒரு சட்டத்தைக் கையில் வைத்திருந்தால் ஒரு தவணைக்குப் போதும்.

அடுத்தது உழைப்பு. சொந்த வயலை உடைய கண்டிக் குடியானவன் கூலிக்குப் போக விரும்பவில்லை. மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய மாவட்டங்களின் வறட்சியும் கடனும் வேறோர் உழைப்பாளியைக் கடல் கடக்கச் செய்தன. மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியாகக் காட்டினூடு மாத்தளைவரை நடந்தார்கள். அப்பாதையில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மடிந்தோருக்குக் கணக்குப் பிள்ளை ஒருவரும் சரியான கணக்கு வைக்கவில்லை. கோப்பி பருவப் பயிராதலாற் பலர் பழம் பறிக்கும் மாதங்களுக்கு வந்து திரும்பினர்.

இவ்வளவும் அமைந்தபின் இலண்டனிலே ஒரு பணமுடை. 1847ஆம் ஆண்டின் வணிக நெருக்கடியாற் கோப்பி விலை வீழ்ந்தது, தோட்டங்கள் கைமாறின, அரசிறை குறைந்தது. அதை நிரப்பத் தேசாதிபதி டொறிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் தெருவுக்கும் புதிய வரிகளைப் போட்டார். 1848இல் மாத்தளையிலே கலகம் மூண்டது. இலண்டன் வங்கிக்கும் மாத்தளைக் குடியானவனின் நாய்க்கும் உள்ள தொடர்பை ஒரு மாணவன் தானே கண்டுபிடிக்கும்போது அவன் முகத்திலே தோன்றும் ஒளியை நான் ஒருமுறை கண்டிருக்கின்றேன். அது ஐந்து நன்மை ஐந்து தீமை எழுதும்போது தோன்றுவதன்று.

கோப்பி மீண்டும் எழுந்தது. 1867இற் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடிற்று. 1870 அளவில் ஆண்டுக்குச் சுமார் 10 இலட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதியாயிற்று. அந்த உச்சிக்கு ஓராண்டு முன்னரேயே, 1869இல், மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிலே இலையின் அடிப்பக்கத்திற் செம்மஞ்சட் பொடி போன்ற ஒரு நோய் காணப்பட்டது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்பது அறிஞர் இட்ட பெயர். தோட்டத் துரைமார் அதை எமிலி என்று ஒரு பெண்ணின் பெயராற் பகடி பேசினர். அவர்கள் பகடி பேசியதற்குக் காரணம் உண்டு. விளைச்சல் குறைந்தபோதிலும் 1870களிலே உலகச் சந்தையில் விலை உயர்ந்துகொண்டே சென்றது. ஏக்கருக்குக் கிடைத்த கோப்பி குறைய, அந்தருக்குக் கிடைத்த பணம் கூடிற்று. நட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாததனால் இன்னும் காடு வெட்டி இன்னும் கோப்பி நட்டார்கள். விலை என்பது ஒரு செய்தி என்று பொருளியல் நூல்கள் சொல்லும். செய்தி பொய் சொல்லுவதும் உண்டு என்பதை மலைநாடு அந்தப் பத்தாண்டிலே கற்றது.

1880இலே மார்ஷல் வோட் என்னும் இளம் தாவரவியலாளர் அனுப்பப்பட்டார். நோயின் வித்துகள் காற்றிலே பரவுகின்றன என்பதையும், மலை மலையாக இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டது நோய்க்கு வழி திறந்துவிட்டது என்பதையும் அவர் ஆராய்ந்து கூறினார். காலம் கடந்துவிட்டது. பிறேசிலின் கோப்பியும் சந்தையிற் பெருகிற்று, விலையும் இறங்கிற்று. 1884ஆம் ஆண்டு மே மாதம் ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. அதன் நோட்டுகளே அந்நாளில் மக்கள் கையில் பெரும்பாலும் இருந்த தாட்பணம். தேசாதிபதி ஆதர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கத்தின் பிணையைக் கொடுத்தமையாற் பீதி அடங்கிற்று. அடுத்த ஆண்டு முதல் அரசாங்கமே நோட்டு வெளியிடலாயிற்று. இன்று நம் பையில் உள்ள தாட்பணத்தின் வரலாறு ஓர் இலையின் அடிப்பக்கத்துப் பொடியிலே தொடங்குகின்றது.

கொயினா மரத்தைச் சிலர் நட்டனர். எல்லோரும் நட்டதால் விலை விழுந்தது. அக்கதை பத்தாண்டுக்குள் முடிந்தது. நின்று நிலைத்தது தேயிலை. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரிலே நட்ட பயிர் 1875இல் ஏறக்குறைய 1,000 ஏக்கர். அந்நூற்றாண்டின் முடிவில் 3 இலட்சம் ஏக்கருக்கு மேல். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கவேண்டியது. ஆகவே வந்து போனவர் வந்து தங்கினர். தனியாக வந்தவர் குடும்பத்தோடு தங்கினர். ஒரு பயிரின் இயல்பு ஒரு மக்கட் கூட்டத்தின் இருப்பையே மாற்றிவிட்டது.

அன்று மாலை இவ்விடத்தில் நான் சற்று நிறுத்தினேன். அட்டன் ஆசிரியை ஒலிவாங்கியைத் திறந்து, "சேர், எங்கள் பாடசாலையில் 1867இல் டெயிலர் தேயிலை நட்டார் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். யார் குழி வெட்டினார் என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது" என்றார். நான் மேலே பேசுமுன் அவருடைய இணைப்பு அறுந்துவிட்டது.

இனி 1952. பொருளியல் ஆசிரியர் எல்லோரும் டேவிட் றிக்காடோவை அறிவார்கள். 1817இல் வெளிவந்த தமது நூலிலே, போர்த்துக்கல் திராட்சை மதுவையும் இங்கிலாந்து துணியையும் செய்து பரிமாறிக்கொள்வது இரு நாட்டுக்கும் நலம் என்று அவர் காட்டினார். நாமும் போர்த்துக்கலின் மதுவை வைத்தே பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். பதுளையிலும் வேலணையிலும் உள்ள பிள்ளை போர்த்துக்கல் மதுவை எங்கே கண்டது? நமது கைக்கு எட்டும் தூரத்திலே இறப்பரும் அரிசியும் இருக்கின்றன.

கொரிய யுத்தம் தொடங்கியதும் 1950இல் இறப்பர் விலை வானத்துக்கு ஏறிற்று. பின்பு அதே வேகத்தில் இறங்கிற்று. அரிசி விலையோ ஏறிக்கொண்டிருந்தது. உலகச் சந்தையில் அரிசி அரிதாயிற்று. சலுகை விலையில் அமெரிக்காவிடம் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. மறு பக்கத்திலே சீனாவுக்கு இறப்பர் தேவை. ஆனால் ஐக்கிய நாடுகள் 1951 மே மாதம் சீனாவுக்கு யுத்தப் பொருள்கள் விற்பதைத் தடை செய்திருந்தது. இலங்கை அன்று ஐக்கிய நாடுகளில் உறுப்பு நாடன்று. 1955 டிசெம்பரிலேதான் சேர்த்துக்கொள்ளப்பட்டது. வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டதே அந்நேரத்தில் ஒரு வசதியாயிற்று. வர்த்தக அமைச்சர் ஆர். ஜீ. சேனநாயக்க காலத்திலே, 1952 டிசெம்பர் 18ஆம் திகதி பீக்கிங் நகரில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஐந்தாண்டுக்கு, ஆண்டுதோறும் 2,70,000 தொன் அரிசி வரும். 50,000 தொன் இறப்பர் போகும். சீனா இறப்பருக்குச் சந்தை விலையிலும் கூடக் கொடுத்தது; அரிசியைச் சந்தை விலையிலும் குறையத் தந்தது. இரு நாட்டுக்குமிடையே தூதரகம்கூட அப்பொழுது இல்லை. கம்யூனிச எதிர்ப்பிலே ஊறிய ஓர் அரசாங்கம் கம்யூனிச நாட்டோடு செய்த இந்த வணிகத்தை அமெரிக்கா விரும்பவில்லை. உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு முப்பது ஆண்டுகள் நீடித்தது.

றிக்காடோவின் பாடம் இதிலே இருக்கின்றது; அவர் சொல்லாமல் விட்டதும் இருக்கின்றது. தடை, கொள்கை, பேரம், பசி ஆகிய இவையெல்லாம் விலைக்குள்ளே புகுந்து நிற்பதை மாணவன் பார்க்கலாம். மலிவான அரிசி வந்தபின் எல்லாம் நலமே ஆயிற்று என்று அவன் எழுதிவிடவும் கூடாது. 1953 யூலையில், அரசிறைச் சுமையைக் குறைக்கவென்று, ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால். ஒக்ரோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். மலிவாக வந்த அரிசி மலிவாகவே அடுப்படிக்குப் போய்ச் சேரும் என்று எந்த உடன்படிக்கையும் உறுதி தரவில்லை.

நேயர்களே, இதுவரை நான் சொன்னவை நூல்களிலே கிடைப்பவை. அடுத்ததாக நான் பேசியது என் சொந்த வீட்டுக் கதை. அங்கேதான் நான் திருத்தப்பட்டேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே செம்மண் தோட்டக்காரர் குடும்பத்திற் பிறந்தவன் நான். 1970 முதல் 1977 வரை இருந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைத் தடுத்தது. எங்கள் தோட்டக்காரருக்கு அது பொற்காலம். கிணற்றிலே நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. ஓலைக் கூரைகள் ஓடாயின. படிக்கும் பிள்ளைக்குச் சைக்கிள் வந்தது. எங்கள் வீட்டின் முன்விறாந்தையை என் தகப்பனார் செத்தல் மிளகாய்க் காசிற் கட்டியதாகச் சொல்லக் கேட்டே வளர்ந்தேன். 1977 நவெம்பரிலே பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்திறங்கின. சந்தையிலிருந்து மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்த நாட்களைப் பற்றி என் தகப்பனார் அதிகம் பேசமாட்டார். விறாந்தைக்கு அப்பால் அந்த வீடு வளரவில்லை என்பதே போதுமான சாட்சி. ஆகவே மூடிய பொருளாதாரம் நம்மவரை வாழவைத்தது, திறந்த பொருளாதாரம் நம்மவரைத் தாழவைத்தது என்று ஆசிரியப் பணி தொடங்கிய நாள்முதல் வகுப்பிலே உணர்ச்சியோடு சொல்லிவந்தேன். அன்றைக்கும் அவ்வாறே சொன்னேன். பருத்தித்துறை ஆசிரியர் தலையசைத்தது திரையிலே தெரிந்தது.

அட்டன் ஆசிரியை இதற்குள் திரும்பி வந்திருந்தார். அவர் என்னை மறுக்கவில்லை. தமது பாட்டியார் சொன்னதை மாத்திரம் சொன்னார். 1973இலும் 74இலும் தோட்டங்களில் அரிசியும் இல்லை, மாவும் இல்லை. கிழங்கும் கீரையும் தின்று கிடந்தார்கள். பாட்டியார் பெற்ற இரு பிள்ளைகள் அந்த ஆண்டுகளிலே தவறிவிட்டன. "சேர் சொல்லும் நம்மவர் யார் என்று பிள்ளைகள் கேட்டால் நான் என்ன சொல்லவேண்டும்?" என்று கேட்டார். குரலிலே கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அவர் சொன்னதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. 1973இல் உலகெங்கும் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. அந்நியச் செலாவணி இல்லாத நாடு பங்கீட்டைக் குறைத்தது; அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுசெல்லத் தடை இருந்தது. வயல் உள்ளவன் ஏதோ சமாளித்தான். தோட்டம் உள்ளவன், என் தகப்பனாரைப் போல, ஓரளவு செழித்தான். வயலும் இல்லாத, வளவும் இல்லாத, கடையில் வாங்கியே உண்ணவேண்டிய தேயிலைத் தோட்டத் தொழிலாளியின்மீது முழுச் சுமையும் விழுந்தது. 1974இலே தோட்டப் பகுதிகளின் இறப்பு வீதம் மிக உயர்ந்ததை அரசாங்கப் புள்ளிவிவரமே காட்டுகின்றது. எங்கள் விறாந்தை எழுந்த அதே ஆண்டுகள். இரண்டையும் தனித்தனியே நான் அறிந்திருந்தேன். ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை நூலிலும் வைத்திருந்தேனாகையால், இரண்டையும் ஒரே கரும்பலகையில் எழுத எனக்குத் தோன்றவேயில்லை.

இந்த ஓர் உரையாடலுக்காகவே நிகழ்நிலைப் பயிற்சியின் குற்றங்கள் பலவற்றை நான் பொறுத்துக்கொள்கின்றேன். குற்றங்கள் உண்டு. பெயரை மாத்திரம் திரையில் வைத்துவிட்டு இரவுச் சமையலுக்குப் போய்விடுவோர் உளர். படக்காட்சித் தாள்களை ஒவ்வொன்றாக வாசித்து முடிப்பதே விரிவுரை என எண்ணுவோர் உளர். வருகையைப் பதிந்தால் சான்றிதழ். சான்றிதழ் வந்தாற் கோவையில் ஓர் ஏடு. இணையக் கட்டணமோ ஆசிரியரின் சொந்தப் பணம். மலைச்சரிவிலே அலை கிடைக்காமல் மேட்டில் ஏறி நின்று கேட்கும் ஆசிரியருக்கும், கொழும்பிலே நாற்காலியில் இருந்து கேட்பவருக்கும் ஒரே வகுப்பு நடக்கின்றது என்று சொல்வது பாதி உண்மைதான்.

தொலைவிலிருந்து கற்பித்தல் புதிய வித்தையுமன்று. நம் காணிச் சட்டம் வந்த அதே 1840ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் ஒரு பென்னித் தபால் தொடங்கிற்று. ஐசாக் பிற்மன் என்பவர் தபால் வழியாகச் சுருக்கெழுத்துக் கற்பித்தார். கோப்பி விலையைக் கொண்டுவந்த கப்பலும் தபாலுமே பாடத்தையும் கொண்டுசென்றன. 1925இற் கொழும்பிலே வானொலி ஒலிக்கத் தொடங்கியபின் குரல் நேரே வீட்டுக்குள் வந்தது. இப்போது நான் உங்களோடு பேசுவதும் அவ்வழியில்தான். பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1971 சனவரியிலும் நமது திறந்த பல்கலைக்கழகம் 1980இலும் வேலையில் இருப்போருக்குக் கதவைத் திறந்தன. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய கல்வி நிறுவகம் மகரகமையிலிருந்து ஆசிரியர்களுக்குப் பாடக் கட்டுகளை அனுப்பிற்று. இவற்றிலெல்லாம் ஒருவர் பேசுவார், பலர் கேட்பர். கேட்பவர் ஒருவரை ஒருவர் காணார். 2020 மார்ச்சிலே பெருந்தொற்றுப் பாடசாலைகளை மூடிய பின்னர் நம்மிடையே பரவிய இந்தத் திரையிலேதான் கேட்பவர் கேட்பவரோடு பேசினார். மண்டபத்திலே பயிற்சி நடக்கும்போது யாழ்ப்பாணத்தார் யாழ்ப்பாணத்திலும் நுவரெலியாவார் நுவரெலியாவிலும் கூடுவர். இருவரும் ஒரே மாலையில் ஒரே பாடத்துக்கு வருவது அரிது.

அதன்பின் பயிற்சியின் போக்கையே மாற்றிக்கொண்டோம். வரைவிலக்கணத்தைக் கடைசிக்குத் தள்ளினோம். ஒவ்வோர் ஆசிரியரும் தம் ஊரில் நுழைந்து வெளியேறும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதன் விலையை யார் எங்கே தீர்மானித்தார் என்று மாணவரோடு தேடவேண்டும் என்பது ஒப்படை. தேயிலைக்கு எளிது: கொழும்பு ஏலம் 1883இலே தொடங்கிற்று, இலண்டன் ஏலம் 1998 யூனில் நின்றது. வவுனியா ஆசிரியர் தைத்த ஆடையை எடுத்தார். கட்டுநாயக்காவில் 1978இல் வலயம் திறந்ததையும், ஆடை ஏற்றுமதிக்கு நாடு நாடாக அளவு வகுத்த பல்லிழை ஒப்பந்தத்தின் கோட்டாக்கள் 2005 சனவரியில் நீங்கியதையும் வைத்து, தம் பழைய மாணவி ஒருத்தியின் வேலைக்காலக் கதையை அதனோடு சேர்த்தார். கல்முனை ஆசிரியர் பொருளை எடுக்கவில்லை. தமக்கையார் அனுப்பிய பணத்தை எடுத்தார். வீட்டுக்கு வந்த பணத்தின் கணக்கை மாணவர் எழுதினர். வீட்டிலே தாய் இல்லாத ஆண்டுகளை எந்தப் பத்தியில் எழுதுவது என்று ஒரு மாணவி கேட்டாளாம். ஆசிரியர் அக்கேள்வியை எங்களிடம் கொண்டுவந்தார். நாற்பது பேரில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை.

பருத்தித்துறை ஆசிரியரும் அட்டன் ஆசிரியையும் சேர்ந்து ஒரே பாடத்தை இரு பாடசாலைகளிலும் நடத்துவதாக ஏற்றார்கள். 1970 முதல் 1977 வரை என்பதே அதன் தலைப்பு. வடக்கிலுள்ள பிள்ளைகள் தோட்டக்காரரிடம் மிளகாயின் விலையைக் கேட்டு எழுதுவார்கள். மலையகத்துப் பிள்ளைகள் தோட்டத்து முதியோரிடம் அந்நாளில் என்ன உண்டார்கள் என்று கேட்டு எழுதுவார்கள். பின்னர் தாள்களை மாற்றிக்கொள்வார்கள். இதற்குப் பாடத்திட்டத்தில் இடம் எங்கே, நேரம் எங்கே என்று ஒரு மூத்த ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது ஒரு பாடவேளை என்பது பொன்னுக்குச் சமம் என்பதை அதிபராகிய நானும் அறிவேன். இரண்டு பாடவேளை மட்டும் என்று முடிவாயிற்று.

சென்ற மாதம் அத்தாள்களிற் சில எனக்கு வந்தன. கைப்பேசியிலே படமெடுத்து அனுப்பியவை, சில மங்கல். தோட்டத்துப் பிள்ளை ஒருவன் தன் பாட்டனார் சொன்ன உணவுகளை நிரற்படுத்தியிருந்தான்: மரவள்ளி, பலாக்கொட்டை, வல்லாரை, வெறுந்தேநீர். அதே வாரம் பருத்தித்துறையிலிருந்து வந்த தாளில் ஒரு மாணவி 1975இற் செத்தல் மிளகாய் விற்ற தன் பாட்டனாரின் கணக்குக் கொப்பியிலிருந்து ஒரு பக்கத்தைப் பார்த்து எழுதியிருந்தாள். அதன் ஓரத்திலே, கணக்கோடு சேராத ஒரு வரியையும் விடாமல் எழுதியிருந்தாள். மலைநாட்டிலிருந்து வேலை தேடி வந்த ஒரு குடும்பத்துக்குக் கொட்டிலும் சாப்பாடும் கொடுத்ததாகவும், கூலி பேசவில்லை என்றும் அந்த வரி சொல்லிற்று. அக்குடும்பத்துக்குப் பின் என்னவாயிற்று என்று அவள் பாட்டனாரிடம் கேட்கப்போகிறாளாம். அவருக்கு இப்போது தொண்ணூறு வயது. காலையில் மாத்திரமே நினைவு தெளிவாக இருக்கும் என்று ஆசிரியர் எழுதியிருக்கின்றார்.